ரஷ்யாவில் வேலையா? சம்பளத்துக்கு முன்னால் முகவரியைக் கேளுங்கள்

2025 நவம்பரில் தென்னாப்பிரிக்க அதிபர் ராமபோசாவின் அலுவலகம் ஓர் அறிக்கை விட்டது. உக்ரைனின் டோன்பாஸ் போர்முனையில் 17 தென்னாப்பிரிக்க ஆண்கள் சிக்கிக்கொண்டு, ஊர் திரும்ப உதவி கேட்பதாக அது சொன்னது. வயது 20 முதல் 39 வரை. அவர்களில் 16 பேர் நம்முடைய குவாசுலு-நேட்டால்காரர்கள். கை நிறையச் சம்பளம் என்று சொல்லி ஒப்பந்தம் காட்டிக் கூலிப்படையில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அதற்குச் சில மாதம் முன்னால்தான் அலபுகா விவகாரம் வெடித்தது. ரஷ்யாவின் தத்தர்ஸ்தானில் உள்ள அந்தத் தொழிற்பேட்டைக்கு, வேலையோடு பயிற்சி என்று சொல்லி 18 முதல் 22 வயதுப் பெண்களை ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து ஆள் எடுத்தார்கள். விளம்பரத்தில் சமையற்கூடம், சரக்குக் கிடங்கு என்று அழகழகாகப் போட்டிருந்தது. போன பெண்களில் பலர் ட்ரோன் பாகங்களைப் பூட்டும் வேலையில் உட்காரவைக்கப்பட்டதை ஏபி செய்தி நிறுவனம் 2024 அக்டோபரில் எழுதியது. அதே ஆண்டு ஏப்ரலில் அங்கிருந்த தங்கும் விடுதிமேலேயே உக்ரைனின் ட்ரோன் வந்து விழுந்து ஆட்கள் காயப்பட்டிருந்தார்கள்.

இந்த இரண்டு செய்திக்கும் இங்கே டர்பனில் கேட்கும் விளக்கம் ஒன்றுதான்: ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான். ஏஜென்ட் எந்த நாட்டில் ஏமாற்றவில்லை? ஏமாந்தவன் மறுநாளே மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப முடியாமல் போவது ஏன் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். ரஷ்யாவில் வேலை, படுக்கை, தெருவில் நடக்கும் உரிமை மூன்றையும் ஒரே காகிதத்தில் கோத்து வைத்திருக்கிறார்கள். ஒன்று போனால் மூன்றும் போகும். இந்தக் கோவை நேற்று உண்டானதல்ல. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளின் பேரன் பேத்திகளான நமக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிய வேண்டும்.

மெட்ராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பன் துறைக்கு வந்தது 1860 நவம்பர் 16 அன்று. அடுத்த நான்கு மாதத்துக்குள், 1861 மார்ச் 3 அன்று, ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமை முறையை ஒழிக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். ஒரு பக்கம் அடிமை முறை போன இடத்தை நிரப்ப ஆளைக் கப்பலேற்றுகிறார்கள், இன்னொரு பக்கம் அடிமையை விடுதலை செய்கிறார்கள். ஆனால் விடுதலையான ரஷ்யக் குடியானவன் தன் பங்கு நிலத்துக்கு 49 வருஷம் தவணை கட்ட வேண்டும் என்றும் அந்த ஆணை சொன்னது. தவணைக்கு ஊரே கூட்டுப் பிணை. ஒருவன் ஓடிப்போனால் மற்றவர்கள் தலையில் விழும். அதனால் ஊர்க்கூட்டம் சீட்டுக் கொடுக்காமல் எவனும் வெளியூர் போக முடியாது. மிச்சத் தவணையைத் தள்ளுபடி செய்தது 1907-இல்தான்.

நேட்டாலில் கட்டு வேறு மாதிரி. ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் நின்றுவிட்டால் முதலாளி சிவில் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். ஒப்பந்தக் கூலி நின்றால் அது குற்றம், சிறை. 1894-இல் முதலாளி அடித்து இரண்டு பல் உடைந்த நிலையில் பாலசுந்தரம் என்ற தமிழர் காந்தியின் அலுவலகத்துக்கு வந்தபோதும் இதுதான் சிக்கல். அடித்தவனுக்குத் தண்டனை வாங்கித் தருவதைவிட, அடிபட்டவனை அந்த வீட்டிலிருந்து சட்டப்படி வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. ஒன்று, கூலிகளின் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரி ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும். இல்லையென்றால் இன்னொரு முதலாளி பெயருக்கு மாற்ற வேண்டும். கடைசியில் இரண்டாவதுதான் நடந்தது. ஆள் மாறவில்லை, ஒப்பந்தத்தில் முதலாளியின் பெயர்தான் மாறியது.

இதே வித்தையை ஸ்டாலின் காலத்து சோவியத் அரசு ஒரு நாடு முழுக்கச் செய்தது. 1940 ஜூன் 26 ஆணைப்படி, அனுமதியில்லாமல் வேலையை விட்டால் இரண்டு முதல் நான்கு மாதம் சிறை. 20 நிமிஷத்துக்கு மேல் தாமதமாக வந்தால் அதே வேலையிடத்தில் ஆறு மாதம் வரை 'திருத்த உழைப்பு', சம்பளத்தில் 25 சதவீதம் வரை பிடித்தம். இது கைதிகளுக்கான சட்டமல்ல. ஆலைக்கும் ஆபீசுக்கும் போய்வந்த சாதாரண மக்களுக்கானது. 1956 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

பாஸ்போர்ட் இல்லாத கிராமம்

கூலாக், அதாவது சோவியத் கட்டாய உழைப்பு முகாம்கள், என்றாலே முள்வேலி, பனி, தூரக் கிழக்கின் கோலிமா என்று கற்பனை ஓடுகிறது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் இன்றைய ரஷ்யாவுக்கு மிச்சமாக வந்து சேர்ந்தது முள்வேலியைவிட, 1932 டிசம்பர் 27 ஆணைதான் என்பது என் கணிப்பு. உள்நாட்டு பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்த ஆணை அது. 16 வயதான நகரத்து ஆட்கள் எல்லாருக்கும் பாஸ்போர்ட். அதில் வசிப்பிடப் பதிவு முத்திரை, அதாவது புரொப்பிஸ்கா. முத்திரை இல்லாத இடத்தில் தங்கக் கூடாது. தங்க இடமில்லாதவனை வேலைக்கு எடுக்கக் கூடாது. கிராமத்துக் கூட்டுப் பண்ணைக்காரர்களுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. அவர்கள் வெளியேற இருந்த வழிகள் சில: பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாமல் நகரத்திலேயே தங்கிவிடுவது, ஆலைப் பள்ளியில் சேர்வது, அரசாங்கம் ஆள் எடுக்கும்போது ஒப்பந்தத்தில் போவது. கூட்டுப் பண்ணை ஆட்களுக்கும் பாஸ்போர்ட் என்று முடிவானது 1974 ஆகஸ்டில். கொடுக்கத் தொடங்கியது 1976-இல். நம் பக்கம் பார்த்தால், நேட்டால் இந்தியன் பெர்மிட் இல்லாமல் பக்கத்து டிரான்ஸ்வால் மாகாணத்துக்குள் போக முடியாது என்ற விதி 1970-களின் நடுப்பகுதி வரை இருந்தது. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியன் குடியிருக்கத் தடை 1986 வரை நீடித்தது. கொடி வேறு, கோஷம் வேறு, வருஷம் மட்டும் ஏறக்குறைய ஒன்றே.

அந்த சோவியத் பாஸ்போர்ட்டில் ஒரு வரியில் இனம் எழுதப்பட்டிருக்கும். முதலில் அவரவர் சொன்னதை எழுதினார்கள். 1938 முதல் பெற்றோர் இனத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்றானது. ஓர் இனத்தையே ஒட்டுமொத்தமாகத் தூக்க இந்த வரி எவ்வளவு வசதி என்பதைப் போர்க் காலம் காட்டியது. அதற்கு முன்பே, 1937-இல், தூரக் கிழக்கிலிருந்து சுமார் 1,72,000 கொரியர்களை ரயிலேற்றிக் கசாக்ஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் இறக்கிவிட்டிருந்தார்கள். பிறகு 1941 ஆகஸ்டில் வோல்கா ஜெர்மானியர்கள், 1943 டிசம்பரில் கல்மிக்குகள், 1944 பிப்ரவரியில் செச்சென், இங்குஷ் மக்கள், அந்த மே மாதம் கிரிமியத் தத்தார்கள். இனத்தைத் தாளில் எழுதி வைப்பது என்ன செய்யும் என்று ஆளை இனவாரியாகப் பதிந்த தென்னாப்பிரிக்காவின் 1950-ஆம் வருஷத்து மக்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் வாழ்ந்த குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே அந்தச் சட்டம் 1991-இல் போனது. ரஷ்ய பாஸ்போர்ட்டிலிருந்து இன வரி 1997-இல் போனது.

இப்படி ஏற்றிச்செல்லப்பட்டவர்கள் கைதிகள் அல்ல. 'சிறப்புக் குடியேறிகள்' என்று பெயர். முள்வேலி கிடையாது, கமெண்டன்ட் என்ற கண்காணிப்பு அதிகாரி உண்டு. 1945 ஜனவரி 8 விதி இப்படிப் போகிறது: கமெண்டன்ட் அனுமதியில்லாமல் குறிக்கப்பட்ட எல்லையைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அது தப்பியோட்டம். வீட்டில் ஒரு குழந்தை பிறந்தாலோ, ஒருவர் இறந்தாலோ, ஒருவர் ஓடிப்போனாலோ குடும்பத் தலைவர் மூன்று நாளுக்குள் கமெண்டன்டிடம் போய்ச் சொல்ல வேண்டும். 1948 நவம்பர் 26 ஆணை இதை 'என்றென்றைக்கும்' என்றாக்கியது. ஓடினால் 20 வருஷம் கடும் உழைப்பு. ஜெர்மானியர்களுக்கு இதற்கு மேலும் ஒரு சுமை: 1942 ஜனவரியில் 17 முதல் 50 வயது வரையான ஆண்களைக் கட்டாய உழைப்புப் படைக்கு எடுத்தார்கள், அக்டோபரில் 16 முதல் 45 வயது வரையான பெண்களையும் எடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கும், மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வைத்திருந்தவர்களுக்கும் மட்டும் விலக்கு. மூன்று வயது தாண்டிய பிள்ளையை உறவினரிடமோ பண்ணையிலோ விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

1955 டிசம்பரில் ஜெர்மானியர்களை விடுவித்த ஆணையில் இரண்டு வரி உண்டு: பறித்த சொத்து திரும்பக் கிடைக்காது, பழைய ஊருக்குத் திரும்பும் உரிமை இல்லை. அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் விடுதலை. 1956 ஏப்ரலில் கிரிமியத் தத்தார்களுக்கும் அதே வரிகள். செச்சென்கள் 1957-இல் ஊர் திரும்பிவிட்டார்கள். தத்தார்கள் பெருந்திரளாகத் திரும்ப 1980-களின் கடைசி வரை ஆனது. நடுவில் தானாகவே கிரிமியாவுக்கு வந்தவர்களை எப்படித் துரத்தினார்கள் தெரியுமா? போலீஸ் அடித்து விரட்டியதும் உண்டு, ஆனால் வழக்கமான முறை அதைவிட எளிது: புரொப்பிஸ்கா கொடுக்கவில்லை. முத்திரை இல்லையென்றால் வீடு வாங்கிய பத்திரம் செல்லாது, வேலை இல்லை. பிறகு 'முத்திரையில்லாமல் தங்கினார்' என்று வழக்கு.

முகாம்கள் கலைந்த பிறகும் பெருநகர ஆலைகளுக்குக் கடின வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. மாஸ்கோவில் ஒவ்வொரு ஆலைக்கும் வெளியூர் ஆட்களை எடுக்க ஓர் ஒதுக்கீடு. அதில் வந்தவர்களை லிமித்சிக் என்பார்கள். ஆலை விடுதியில் ஒரு கட்டில், தற்காலிக முத்திரை. சில வருஷம் அதே ஆலையில் தாக்குப்பிடித்தால் நிரந்தர முத்திரை கிடைக்கலாம். நடுவில் வேலை போனால் கட்டிலும் போச்சு, முத்திரையும் போச்சு. டர்பன் மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்களுக்கு இது அப்படியே விளங்கும்: அப்பா வேலையில் இருக்கும் வரைதான் வீடு.

இன்றைய சீட்டு எப்படி வேலை செய்கிறது

1993-இல் புரொப்பிஸ்காவைச் சட்டப்படி எடுத்துவிட்டு 'பதிவு' என்று பெயர் மாற்றினார்கள். அனுமதி கேட்பது போய்ச் சும்மா தெரிவித்தால் போதும் என்று சட்டம் சொன்னது. நடைமுறை அப்படியே நின்றது. இன்று அதன் முழுப் பாரத்தையும் சுமப்பவர்கள் தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தானிலிருந்து வரும் கட்டடத் தொழிலாளர்கள், துப்புரவாளர்கள். விசா இல்லாமல் நுழையலாம், ஆனால் வேலை செய்யப் பேட்டன்ட் என்ற சீட்டு வேண்டும். 2015 ஜனவரி முதல் ஒதுக்கீட்டு முறையை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். கிர்கிஸ்தான், ஆர்மேனியா, கசாக்ஸ்தான், பெலாரஸ்காரர்களுக்கு யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தின் பேரில் இது தேவையில்லை.

வரிசையாகப் பார்த்தால் எங்கே சிக்கும் என்பது தெரியும். எல்லையில் கொடுக்கும் குடிநுழைவு அட்டையில் வருகையின் நோக்கம் என்ற இடத்தில் 'வேலை' என்று குறித்திருக்க வேண்டும். அவசரத்தில் 'தனிப்பட்ட வருகை' என்று குறித்துவிட்டால் பேட்டன்டுக்கு மனுப் போடவே முடியாது. வெளியே போய்த் திரும்ப நுழைய வேண்டியதுதான். அடுத்தது முகவரிப் பதிவு. இதை வந்தவர் செய்ய முடியாது, இடம் கொடுப்பவர்தான் செய்ய வேண்டும். முழு அமைப்பும் நொண்டுவது இங்கேதான். வாடகைக்கு விடுகிறவருக்கு வரி பயம், அண்டை வீட்டார் பயம். பெயரைப் பதியாமல் படுக்க மட்டும் இடம் தருவார். அதனால் பதிவு தனியாகக் கடைச்சரக்காக விலைக்கு வருகிறது: ஒரே வீட்டு முகவரியில் நூற்றுக்கணக்கான பெயர்கள். இதைத் தடுக்க 2013 டிசம்பரில் பொய்ப் பதிவைக் கிரிமினல் குற்றமாக்கினார்கள்: 1,00,000 முதல் 5,00,000 ரூபிள் வரை அபராதம், அல்லது மூன்று வருஷம் வரை கட்டாய உழைப்பு, அல்லது அதே அளவு சிறை. விளைவு? நேர்மையாகப் பதிந்து கொடுக்க நினைத்த வீட்டுக்காரரும் பயந்து ஒதுங்கினார். தரகன் விலையை ஏற்றினான்.

நுழைந்த 30 நாளுக்குள் பேட்டன்ட் மனு போக வேண்டும். கூட வைக்க வேண்டியவை: நோட்டரி கையெழுத்திட்ட ரஷ்ய மொழிபெயர்ப்போடு பாஸ்போர்ட், குடிநுழைவு அட்டை, பதிவுச் சீட்டு, மருத்துவக் காப்பீடு, எச்ஐவி, காசநோய், தொழுநோய், சிபிலிஸ், போதைப் பொருள் இல்லை என்ற மருத்துவச் சான்று, ரஷ்ய மொழி, வரலாறு, சட்டம் மூன்றிலும் தேர்வு எழுதித் தேறிய சான்று. மாஸ்கோவில் இத்தனைக்கும் நகர மையத்திலிருந்து 60 கிலோமீட்டர் அளவு தள்ளியிருக்கும் சாகரோவோ மையத்துக்குப் போக வேண்டும். 30 நாள் தாண்டினால் 10,000 முதல் 15,000 ரூபிள் அபராதம். சீட்டு வருவதற்கு 10 வேலை நாள். அதுவரை வேலை செய்தால் சட்டவிரோதம். செய்யாவிட்டால் சாப்பாடு இல்லை. ஊரிலிருந்து கடன் வாங்கி வந்தவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

சீட்டு வந்த பிறகு மாதாமாதம் முன்பணமாக வருமான வரி. சட்டத்தில் அடிப்படைத் தொகை 1,200 ரூபிள்தான். அதை விலைவாசிக் குணகத்தாலும் பிராந்தியக் குணகத்தாலும் பெருக்குகிறார்கள். மாஸ்கோவில் 2023-இல் 6,600, 2024-இல் 7,500, 2025-இல் 8,900 ரூபிள். அந்த மாதம் சம்பளம் வந்ததா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. கட்டிய காலம் முடிந்து ஒரு நாள் தவறினால் சீட்டு தானாகவே செத்துவிடும். அறிவிப்பு வராது, போலீஸ் கணினியில் பார்க்கும்போதுதான் தெரியும். ரசீதில் வரி எண்ணோ பெயரின் ஓர் எழுத்தோ பிழையாக விழுந்தால் பணம் போயிருக்கும், கணக்கில் ஏறியிருக்காது. அதனால் அனுபவசாலிகள் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே கட்டி, எல்லா ரசீதையும் பாஸ்போர்ட்டோடு வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டுவதும் உண்டு.

இன்னொரு பொறி இதைவிட மோசம். பேட்டன்ட் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் வேலை ஒப்பந்தத்தின் நகலைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் எழுதினால் முதலாளி மூன்று வேலை நாளுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், வரி கட்ட வேண்டும். அதனால் 'அடுத்த வாரம் எழுதலாம்' என்றே இழுப்பான். இரண்டு மாதம் போனதும் தொழிலாளியின் சீட்டு ரத்து. அன்றிலிருந்து அவன் சட்டவிரோதி, முதலாளிக்குக் கைகட்டி நிற்க வேண்டியவன். சீட்டு ஒரு பிராந்தியத்துக்கு மட்டும் செல்லும். மாஸ்கோ நகரச் சீட்டோடு பக்கத்து மாஸ்கோ மாவட்டத்தில் சுவர் பூசினால் குற்றம். மாஸ்கோவிலும் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் தங்கல் விதிமீறலுக்கு அபராதத்தோடு நாடு கடத்தலும் கட்டாயம்.

நேட்டாலில் 1895 சட்டம் போட்ட மூன்று பவுன் வரி நினைவுக்கு வரும். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர், திரும்ப ஒப்பந்தத்தில் விழாதவர் வருஷத்துக்குக் கட்ட வேண்டியது. முதல் வருஷக் கூலியில் பாதி. பின்னால் 16 வயதுப் பையன்களுக்கும் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கும் அதை நீட்டினார்கள். 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 1914-இல்தான் ஒழிந்தது. ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். நம் வரியின் நோக்கம் ஆளைத் துரத்துவது அல்லது மறுபடி தோட்டத்துக்குள் தள்ளுவது. மாஸ்கோவுக்கு இது நல்ல வருமானம். பேட்டன்டிலிருந்து நகரக் கஜானாவுக்கு வருவது எண்ணெய் நிறுவனங்கள் தருவதைவிட அதிகம் என்று மேயர் சோபியானினே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே ஆளும் வேண்டும், அவன் பயந்தபடியே இருக்கவும் வேண்டும்.

2024 மார்ச் 22 அன்று மாஸ்கோ அருகே குரோகஸ் அரங்கத்தில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு கயிறு இறுகியது. கைதானவர்கள் தஜிக்குகள் என்பதால் மொத்தத் தஜிக்குகளும் விலை கொடுத்தார்கள். 2025 பிப்ரவரி 5 முதல் 'கட்டுப்பாட்டில் உள்ளவர்கள்' பட்டியல் என்று ஒன்று நடப்பில் இருக்கிறது. காகிதம் செல்லாமல் போனவர் அதில் ஏறுவார். ஏறினால் அனுமதியில்லாமல் முகவரி மாற்றக் கூடாது, பிராந்தியத்தை விட்டு வெளியே போகக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, கல்யாணம் பதிய முடியாது, வங்கியிலிருந்து மாதம் 30,000 ரூபிளுக்கு மேல் எடுக்க முடியாது. 1945 கமெண்டன்ட் விதியைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மாஸ்கோவில் 2025 செப்டம்பர் முதல் விசாயில்லா நாட்டுத் தொழிலாளர்கள் அமினா என்ற செயலியைப் போனில் போட்டு, இருக்குமிடத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று வேலை நாள் தகவல் போகாவிட்டால் பதிவிலிருந்து பெயர் எடுபடும். போன் திருட்டுப் போனாலும், சார்ஜ் தீர்ந்தாலும் அது அவர் பாடு. பிள்ளைகளுக்கும் விலக்கில்லை: 2025 ஏப்ரல் முதல் ரஷ்ய மொழித் தேர்வில் தேறினால்தான் பள்ளி. முதல் பருவத்திலேயே பெரும்பாலான மனுக்கள் காகிதக் குறை என்று தேர்வு வரைக்கும் போகாமலே திரும்பிவிட்டன.

இப்படிப்பட்ட அமைப்பில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வதே போதுமான பூட்டு. மாஸ்கோவின் கோல்யானோவோ பகுதியில் ஒரு மளிகைக் கடையில் உஸ்பெக், கசாக் பெண்கள் பல வருஷம் சம்பளமில்லாமல் அடைபட்டுக் கிடந்தது 2012-இல் வெளியே வந்தது. ரஷ்யக் குற்றவியல் சட்டத்தில் அடிமை உழைப்புக்கென்றே 127.2 என்ற பிரிவு 2003 முதல் இருக்கிறது. வழக்கு எடுத்தார்கள், மூடினார்கள். 2024 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ரஷ்யாவின்மேல் தவறு கண்டு தீர்ப்புச் சொன்னபோது, ரஷ்யா அந்த நீதிமன்றத்தின் வரம்பிலிருந்து 2022-லேயே விலகிவிட்டிருந்தது.

பழையதும் புதியதும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பதற்கு ஒரு சின்னச் செய்தி. 2021 மே மாதம், கொரோனாவால் வெளிநாட்டு ஆட்கள் வராமல் கட்டுமானம் தடுமாறியபோது, சிறைத்துறைத் தலைவர் கலாஷ்னிகோவ் கைதிகளை வைத்து அந்த இடத்தை நிரப்பலாம் என்றார். இது கூலாக் ஆகாது என்று அவரே சேர்த்தும் சொன்னார்.

திரும்பி வர முடியாதவர்கள்

1991 அக்டோபர் 18 சட்டம், அடக்குமுறைக்கு ஆளானவர்களும் நாடுகடத்தலில் பிறந்த பிள்ளைகளும் குடும்பம் பிடுங்கப்பட்ட ஊருக்கே திரும்பலாம், வீடு தரப்படும் என்றது. 2005 முதல் வீடு தரும் பொறுப்பைப் பிராந்தியங்களிடம் தள்ளினார்கள். மாஸ்கோ ஒரு நிபந்தனை வைத்தது: வீட்டு வரிசையில் நிற்க மாஸ்கோவில் ஏற்கெனவே 10 வருஷம் வாழ்ந்திருக்க வேண்டும். மாஸ்கோவுக்குத் திரும்ப முடியாததால்தானே மனுவே போடுகிறார்கள்! கோமி, கீரோவ், விளாதிமிர் பகுதிகளில் வாழும் மூன்று பெண்கள் வழக்குப் போட்டார்கள். பெற்றோரை ஸ்டாலின் காலத்தில் மாஸ்கோவிலிருந்து ஏற்றிப்போனார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் முதுமை அடைந்ததும் அந்தத் தூரத்து ஊர்களிலேயே. 2019 டிசம்பர் 10 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, சட்டத்தைத் திருத்தச் சொன்னது. அரசாங்கம் கொண்டுவந்த திருத்தமோ அவர்களைப் பொது வீட்டு வரிசையின் கடைசியில் நிறுத்தியது. மாஸ்கோவில் அந்த வரிசை 20, 30 வருஷம் நகரும். மனுதாரர்களின் வயதைக் கூட்டிப் பார்த்தால் அரசாங்கத்தின் கணக்கு புரிந்துவிடும்.

குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நேட்டால் கப்பல் பட்டியலில் ஒப்பந்தக் கூலிக்குக் கொடுத்த காலனி எண் கிடைத்துவிட்டால் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம், உடலில் அடையாளம் வரை ஒரே வரியில் கிடைக்கும். ரஷ்யாவில் அப்படி ஒரே இடம் இல்லை. 2021 டிசம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் கலைக்கச் சொன்ன, சோவியத் அடக்குமுறையை ஆவணப்படுத்திய மெமோரியல் அமைப்பு திரட்டிய பட்டியலில் 30 லட்சத்துக்கும் மேல் பெயர்கள். அங்கே தொடங்க வேண்டும். அரசியல் குற்றச்சாட்டில் கைதானவரின் கோப்பு ரஷ்ய உளவுத்துறையான எஃப்எஸ்பியின் ஆவணக் கிடங்கிலோ அரசு ஆவணக் காப்பகத்திலோ இருக்கும். நாடுகடத்தப்பட்டவரின் கோப்பு, எந்த ஊருக்கு அனுப்பினார்களோ அந்த ஊர் உள்துறைத் தகவல் மையத்தில் இருக்கும், பிறந்த ஊரில் அல்ல. பெரும்பாலானோர் தவறான இடத்துக்கு எழுதி வருஷக்கணக்கில் காத்திருப்பது இதனால்தான். உறவை நிரூபிக்கும் சான்று இல்லையென்றால் 75 வருஷத் தடை குறுக்கே நிற்கும். 1950-களின் பின்பாதியில் கொடுத்த மரணச் சான்றிதழ்களை நம்பாதீர்கள். சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்கு நிமோனியா, மாரடைப்பு என்று பொய்க் காரணமும் பொய்த் தேதியும் எழுதிக் கொடுக்க 1955-இல் சோவியத் உளவுத்துறையான கேஜிபி உத்தரவே போட்டிருந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அழைப்பு வந்தால்

தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு 2017 முதல் ரஷ்யாவில் 90 நாள் விசா வேண்டாம். அது சுற்றிப்பார்க்க. 'முதலில் விசா இல்லாமல் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வேலை விசா என்றால் அது அழைத்த முதலாளி பெயரில் கட்டியிருக்கும்; வேலை மாறினால் விசா செல்லாது. எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் கட்டடத்தில் பதிவு செய்வீர்கள், செய்பவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். சம்பளத்தைப் பற்றிச் சரளமாகப் பேசுகிற ஏஜென்ட் இந்தக் கேள்விக்குத் தடுமாறுவான்.

ஒப்பந்தம் ரஷ்ய மொழியில் மட்டும் இருந்தால் கையெழுத்து வேண்டாம். படம் எடுத்து வெளியே ஒருவருக்கு அனுப்பி, மேலே எந்த அமைச்சின் பெயர் இருக்கிறது என்று மட்டும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு அமைச்சு என்றால் அது காவலாளி வேலையோ, மெய்க்காப்பாளர் பயிற்சியோ அல்ல, பட்டாளம். அதில் ஒரு வருஷம் என்று எழுதியிருக்கும். 2022 செப்டம்பர் 21 அணிதிரட்டல் ஆணைப்படி, அணிதிரட்டல் முடியும் வரை ராணுவ ஒப்பந்தங்கள் தாமாகவே நீளும். அந்த ஒரு வருஷத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. நம் நாட்டுச் சட்டமும் கூடவே நிற்கிறது: 1998-ஆம் வருஷத்து அந்நிய ராணுவ உதவிச் சட்டப்படி, அரசாங்க அனுமதி இல்லாமல் வேறொரு நாட்டுப் படையில் சேர்வது குற்றம். உயிரோடு திரும்பி வந்தாலும் விமான நிலையத்தில் விசாரணை காத்திருக்கலாம் என்பதை, பிள்ளை டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.